கார்க் கொட்டகை தந்த வானொலி



எங்கள் பாட்டி வீட்டுப் பரணில் பழைய ரேடியோப் பெட்டி ஒன்று இருந்தது. முகப்பில் நீண்ட கண்ணாடிப் பட்டை. அதில் ஊர்ப் பெயர்கள். அவற்றின்மேல் நகரும் சிவப்பு முள். மாலையில் அடுப்படி வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டார் அனைவரும் அதன்முன் அமர்வார்களாம். இத்தனை மணிக்குச் செய்தி, இத்தனை மணிக்குப் பாட்டு, இத்தனை மணிக்கு நாடகம் என்று அவர்களுக்கு மனப்பாடம். குறித்த நேரத்தில் திருப்பினால் குறித்த நிகழ்ச்சி வரும், வராமல் இராது.

எங்கோ இருக்கும் ஒருவர் இன்ன நாளில், இன்ன நேரத்தில், எனக்காக ஒரு நிகழ்ச்சி தருவார் என்னும் நம்பிக்கையை மக்களுக்கு முதலில் ஊட்டியவர் யார்? இந்த வினாவுடன் நூலகத்தில் புகுந்தபோது மார்க்கோனியின் பெயரே எங்கும் கிடைத்தது. கம்பியில்லாத் தந்தியை உலகிற்குத் தந்த அப்பெருமகனாரை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் தந்தி வேறு, வானொலி நிலையம் வேறு. தந்தி ஒருவர் ஒருவருக்கு அனுப்புவது. வானொலி நிலையமோ, முகம் தெரியாத ஆயிரம் பேருக்காக நாள்தோறும் சமைத்து வைக்கும் விருந்து. அவ்விருந்தைத் தன் வீட்டுக் கார்க் கொட்டகையின் மாடியில் சமைத்தவர் ஒருவர் உண்டு. அவர்தாம் அமெரிக்க வானொலி வரலாற்றில் பெரும்பெயர் பெற்ற பிராங்க் கான்ராட்.

கான்ராட் 1874ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். எஃகு ஆலைகளின் புகையால் பகலிலும் இருண்டு கிடந்த தொழில் நகரம் அது. தந்தையார் இரயில்வேயில் இயந்திரப் பணியாளர். கான்ராட் ஏழாம் வகுப்புக்குமேல் பள்ளியில் பயிலவில்லை. பதினாறாம் வயதில், 1890இல், வெஸ்டிங்ஹவுஸ் மின்பொருள் தொழிற்சாலையில் கைவேலைத் துணையாளாகச் சேர்ந்தார். கல்லூரி வாசலை மிதிக்காத அந்தச் சிறுவன், பின்னாளில் அதே நிறுவனத்தின் துணைத் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார் என்பதையும், ஏறத்தாழ 200 காப்புரிமைகள் அவர் பெயரில் பதிவாயின என்பதையும் படித்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது. மின்சாரச் செலவை அளக்கும் மீட்டர், வில் விளக்கு, மோட்டார் வண்டிக்கான மின்கருவிகள் என்று எதைக் கையில் எடுத்தாலும் அதைப் பிரித்துப் பார்த்து, முன்னிலும் எளிதாகச் செய்து காட்டுவது அவர் வழக்கம். அந்நாளில் அவரோடு தோளோடு தோள் நின்று உழைத்த பொறியாளர் ஹாரி டேவிஸ். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் முக்கியமான ஓரிடத்தில் மீண்டும் வருவார்.

கம்பியில்லாத் தந்தியின்பால் கான்ராடின் மனம் சென்றதற்குக் காரணம் ஒரு கைக்கடிகாரம் என்றால் நம்புவீர்களா? 1912ஆம் ஆண்டு வாக்கில், உடன் பணியாற்றிய நண்பர் ஒருவருக்கும் அவருக்கும் யாருடைய கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறது என்னும் வழக்கு எழுந்தது. ஐந்து டாலர் பந்தயம். தீர்ப்புச் சொல்வது யார்? ஆர்லிங்டன் என்னுமிடத்திலிருந்த கடற்படை நிலையம் நாள்தோறும் கம்பியில்லாத் தந்தி வழியே சரியான நேரத்தை அறிவித்து வந்தது. அதைக் கேட்பதற்காகவே கான்ராட் வீட்டில் ஒரு வாங்கிக் கருவியைத் தாமே அமைத்தார். பந்தயம் அன்றோடு முடிந்தது. கருவியின்மேல் கொண்ட பற்று முடியவில்லை. கேட்டவர் பேசவும் விரும்பினார். பிட்ஸ்பர்க்கை அடுத்த வில்கின்ஸ்பர்க்கில், தம் வீட்டுக் கார்க் கொட்டகையின் மேல்தளத்தில் ஓர் அனுப்புக் கருவியையும் நிறுவினார். 1916இல் அதற்கு அரசின் உரிமம் கிடைத்தது. அழைப்புப் பெயர் 8 எக்ஸ்.கே.

மறு ஆண்டே, 1917 ஏப்ரலில், அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. பொழுதுபோக்கு நிலையங்கள் அனைத்தும் வாய்மூட வேண்டும் என அரசு ஆணையிட்டது. ஆனால் கான்ராடுக்கு அது ஓய்வுக்காலமாக அமையவில்லை. படைக்கு வேண்டிய வானொலிக் கருவிகளை வெஸ்டிங்ஹவுஸ் செய்து கொடுத்தது. அவற்றை வடிவமைத்துச் சோதிக்கும் பணியில் அவர் ஈடுபட்டார். அப்போது வால்வுகளோடு பழகிய பழக்கமே பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது.

ஈண்டுச் சிறிது அறிவியல் பேச வேண்டும். பௌதிகம் பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம்! முற்காலக் கம்பியில்லாத் தந்தி, மின்பொறியை வெடிக்கச் செய்து அலை எழுப்பியது. அது தட்டுத் தட்டாக வரும் அலை. புள்ளியும் கோடும் அனுப்பப் போதும். குரலை ஏற்றிச் செல்ல உதவாது. வால்வு வந்த பிறகு இடைவிடாது ஒரே சீராக ஓடும் அலை எளிதில் கிடைத்தது. அந்த அலையின் உயரத்தை, நம் குரலின் ஏற்ற இறக்கத்திற்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் விட்டால், குரல் அலையின்மேல் ஏறிக்கொண்டு செல்லும். இதைத்தான் வீச்சுப் பண்பேற்றம் என்றும், சுருக்கமாக ஏ.எம். என்றும் கூறுகிறோம். இம்முறையின் பெருஞ்சிறப்பு, அதை வாங்கும் கருவி மிக எளிது என்பது. ஒரு சிறு கலீனாப் படிகக் கல், அதைத் தொட்டு நிற்கும் மெல்லிய கம்பி, ஒரு கம்பிச்சுருள், நீண்ட ஏரியல், காதில் மாட்டும் ஹெட்போன், இவ்வளவே. மின்சாரங்கூட வேண்டா. ஓட்ஸ் அடைத்து வந்த அட்டை உருளையின்மேல் கம்பியைச் சுற்றிச் சிறுவர்கள் தாங்களே படிக ரேடியோ செய்துகொண்டார்கள். கேட்கும் கருவி ஏழைக்கும் எட்டியதால்தான் ஏ.எம். வானொலி ஊர் ஊராக வேரூன்ற முடிந்தது.

போர் முடிந்தது. 1919 அக்டோபரில் தடை நீங்கியது. கான்ராட் மீண்டும் கொட்டகை மாடியேறினார். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று அறிய, ஒலிவாங்கியின்முன் எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவுதான் பேசுவது? தொண்டை வறண்டது, சொல்லச் சரக்கும் தீர்ந்தது. 1919 அக்டோபர் 17ஆம் நாள் அவர் கிராமபோன் பெட்டியை ஒலிவாங்கியின்முன் வைத்து ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டார். தமக்குச் சிறிது ஓய்வு வேண்டும் என்பதற்கு மேல் அதில் அவருக்குப் பெரிய நோக்கம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் சுற்று வட்டாரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பேரதிசயமாயிற்று. புள்ளியும் கோடும் கேட்டுப் புளித்த காதுகளில் பாட்டு விழுந்தது! அஞ்சலட்டைகள் வந்து குவிந்தன. இன்ன பாட்டைப் போடுங்கள், இன்ன நேரத்தில் போடுங்கள் என்று கேட்டவர்கள் பலர். வானத்தில் பாட்டு வருகிறது என்றால் நம்ப மறுக்கும் நண்பரை நம்ப வைக்க வேண்டும், ஆகையால் குறித்த நேரத்தில் குறித்த தட்டைப் போடுங்கள் என வேண்டியவரும் உண்டு. பின்னாளில் நம் நாட்டில் நேயர் விருப்பம் என்று பெயர் பெற்ற நிகழ்ச்சியின் வித்து அந்த அஞ்சலட்டைகளிலேயே இருந்தது எனலாம்.

ஒவ்வொருவர் விருப்பத்தையும் தனித்தனியே நிறைவேற்றுவது பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைக்கும் ஒருவரால் ஆகிற காரியமா? கான்ராட் ஒரு வழி கண்டார். புதன்கிழமையும் சனிக்கிழமையும் மாலையில் இரண்டு மணி நேரம் இசைத்தட்டுகள் ஒலிக்கும் என அறிவித்தார். நான் படித்த அளவில், அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இந்த அறிவிப்புத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்குக் காப்புரிமை கிடையாது. இதில் கம்பியோ வால்வோ இல்லை. ஆனால் இந்த அறிவிப்போடுதான், கருவிப் பித்தர் ஒருவரின் சோதனை, பிறர் காத்திருக்கும் நிகழ்ச்சியாக மாறியது. அவர் விரும்பியபோது பேசலாம், விரும்பாதபோது உறங்கலாம் என்னும் உரிமையும் அன்றோடு போயிற்று! ஊருக்குப் போனாலோ வேலை மிகுந்தாலோ, மகன்களான பிரான்சிசும் கிராஃபோர்டும் நிலையத்தைப் பார்த்துக்கொண்டார்கள். உள்ளூர்ப் பாடகர்களும் வாத்தியம் வாசிப்போரும் கொட்டகைக்கு வந்து போகத் தொடங்கினார்கள்.

வீட்டிலிருந்த தட்டுகள் எத்தனை நாளைக்கு வரும்? வில்கின்ஸ்பர்க்கில் ஹாமில்டன் இசைக்கடை என்று ஒன்றிருந்தது. அக்கடைக்காரர் வேண்டிய தட்டுகளை இரவல் தர இசைந்தார். தட்டு எங்குக் கிடைக்கும் என்பதை வானொலியில் சொன்னால் போதும் என்றார். கான்ராடும் சொன்னார். விளைவு என்ன? வானொலியில் ஒலித்த தட்டுகளே கடையில் மிகுதியாக விற்றன. வானொலி விளம்பரத்தின் கதை முழுவதும் இந்தச் சிறு உடன்பாட்டில் அடங்கியிருக்கிறது.

இவ்விடத்தில் நாம் மறக்கலாகாத பெண்மணி ஒருவர் உண்டு. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் சார்லஸ் ஹெரால்ட் என்பவர் 1909 முதலே ஒரு கம்பியில்லாத் தந்திப் பயிற்சிப் பள்ளி நடத்தி, அங்கிருந்து குரலும் இசையும் அனுப்பி வந்தார். அவர் துணைவியார் சிபில் ஹெரால்ட், கான்ராடுக்குப் பல ஆண்டுகள் முன்னரே, இசைக்கடையிலிருந்து தட்டுகளை இரவல் வாங்கி, இளைஞர்களுக்காக வாரந்தோறும் வானில் ஒலிக்கச் செய்தார். ஒலிவாங்கியின்முன் அமர்ந்து நிகழ்ச்சி நடத்திய உலகின் முதற்பெண்களுள் அவரும் ஒருவர். வரலாற்று நூல்கள் அவருக்கு ஒன்றிரண்டு வரிகளே ஒதுக்குகின்றன. நம் ஆண்டு மலரிலாவது ஒரு பத்தி இருக்கட்டும். டெட்ராய்ட்டிலும், கனடாவின் மாண்ட்ரியாலிலும் 1920இலேயே நிலையங்கள் ஒலித்தன. ஆகவே முதல் நிலையம் எது என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்கு அவ்வழக்கில் பெரிய ஆர்வம் இல்லை. எந்தக் கொட்டகையிலிருந்து எழுந்த குரல் அறுந்துவிடாமல் ஒரு தொழிலாக வளர்ந்தது என்பதே கேள்வி.

அது வளர்ந்த விதம் சுவையானது. பிட்ஸ்பர்க்கில் ஜோசப் ஹார்ன் என்னும் பெரிய பலசரக்குப் பண்டகசாலை இருந்தது. 1920 செப்டம்பர் 29ஆம் நாள் மாலைப் பத்திரிகையில் அக்கடை ஒரு விளம்பரம் வெளியிட்டது. கான்ராடின் இசை நிகழ்ச்சியைக் கேட்க உதவும் வானொலி வாங்கிகள் தம்மிடம் பத்து டாலர் முதல் கிடைக்கும் என்பது அதன் சாரம். அந்த விளம்பரம் வெஸ்டிங்ஹவுஸ் துணைத் தலைவர் ஒருவர் கண்ணில் பட்டது. அவர் வேறு யாருமல்லர். பழைய தோழர் ஹாரி டேவிஸ்தாம்!

போர் முடிந்ததால் படைக்குக் கருவி செய்த தொழிற்கூடங்களுக்கு வேலையில்லாமற் போயிருந்த நேரம் அது. வானொலி என்றால் கப்பலுக்கும் படைக்கும் உரிய இரகசியப் பேச்சுக் கருவி என்றே அதுவரை எல்லாரும் எண்ணியிருந்தார்கள். பிறர் ஒட்டுக்கேட்டுவிடுகிறார்களே என்பது அதன் குறையாகக் கருதப்பட்டது. அந்தக் குறையே பெரிய நிறை என்பதை டேவிஸ் ஒரு நொடியில் கண்டுகொண்டார். எல்லாரும் கேட்கட்டும், கேட்க வேண்டுமானால் எல்லாரும் ஆளுக்கொரு பெட்டி வாங்க வேண்டுமே! நிறுவனமே ஒரு நிலையத்தை நாள்தோறும் நடத்தினால் பெட்டிகள் தாமே விற்கும். மறுநாளே கான்ராடை அழைத்துப் பேசினார். அப்போது நவம்பர் 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் தேர்தல் நடக்க இருந்தது. அதற்குள் நிலையம் ஆயத்தமாக வேண்டும் என்று முடிவாயிற்று. கையிலிருந்தவை ஐந்து வாரங்களுக்கும் குறைவு.

கிழக்குப் பிட்ஸ்பர்க் தொழிற்சாலையின் உயர்ந்த கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் சிறு குடிசை போன்ற அறை எழுந்தது. 100 வாட் ஆற்றல் கொண்ட அனுப்புக் கருவி அதில் அமைந்தது. அக்டோபர் 27இல் உரிமம் வந்தது. கே.டி.கே.ஏ. என்னும் நான்கெழுத்துப் பெயர் வைக்கப்பட்டது.

தேர்தல் இரவு வந்தது. பத்திரிகை அலுவலகம் ஒன்று தொலைபேசியில் முடிவுகளைச் சொல்லச் சொல்ல, லியோ ரோசன்பர்க் என்பவர் அவற்றை ஒலிவாங்கியில் படித்தார். இடையிடையே இசை. இந்த ஒலிபரப்பை யாரேனும் கேட்பீர்களானால் தெரிவியுங்கள் என்று அவர் அடிக்கடி வேண்டிக்கொண்டார். கேட்டவர்கள் சில நூறு பேர், மிஞ்சினால் ஆயிரம். பலர் வீடுகளில் அண்டை அயலார் கூடி, ஹெட்போனை மாற்றி மாற்றிக் காதில் வைத்துக் கேட்டார்கள். வாரன் ஹார்டிங் வென்றார். ஜேம்ஸ் காக்ஸ் தோற்றார். வென்றவர், தோற்றவர் இருவருமே பத்திரிகை அதிபர்கள். அவர்கள் முடிவைப் பத்திரிகைக்கு முன்னரே வானொலி சொல்லிவிட்டது என்பது ஒரு வேடிக்கை!

அவ்வளவு பெரிய இரவில் கான்ராட் எங்கே இருந்தார்? மொட்டைமாடியில் இல்லை. வில்கின்ஸ்பர்க்கில் தம் கொட்டகையின் மாடியில் இருந்தார். புதிய கருவி ஒருவேளை பழுதானால், தம் கருவியிலிருந்து உடனே ஒலிபரப்பைத் தொடர வேண்டும் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். கருவி பழுதாகவில்லை, அவர் தேவைப்படவில்லை. கே.டி.கே.ஏ. பேர்பெற்றது. தாம் பெற்ற பிள்ளை ஊரார் மேடையில் பாட, தாய் திரைக்குப் பின்னால் நின்று கேட்பதுபோல் அவர் அன்று கேட்டிருப்பார் என்று நான் எண்ணிக்கொள்வேன்.

தேர்தல் முடிந்த பிறகு என்ன ஒலிபரப்புவது? இதுதான் உண்மையான சோதனை. தேர்தல் நான்காண்டுக்கு ஒருமுறை. நிலையமோ நாள்தோறும் பேச வேண்டும். முதலில் மாலை எட்டரை முதல் ஒன்பதரை வரை ஒரு மணி நேரம். அந்த ஒரு மணியை நிரப்ப அவர்கள் பட்ட பாட்டில்தான் இன்றைய நிகழ்ச்சி வகைகள் ஒவ்வொன்றாகப் பிறந்தன.

1921 ஜனவரி 2ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பிட்ஸ்பர்க்கின் கல்வாரி எபிஸ்கோபல் ஆலயத்திலிருந்து மாலை வழிபாட்டை ஒலிபரப்பினார்கள். ஆலயத்திலிருந்து வானொலி வழியே வந்த முதல் வழிபாடாக அது போற்றப்படுகிறது. வழிபாட்டுக்கு வந்தோர் கவனம் சிதறக் கூடாதே என்று, கருவிகளைப் பார்த்துக்கொண்ட தொழில்நுட்பர் இருவருக்கும் பாடகர் குழுவின் அங்கியை அணிவித்து நிறுத்திவிட்டார்கள். அவ்விருவருள் ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் யூதர்! தலைமைக் குருவானவருக்கு இந்தப் புதுமையில் அவ்வளவு நம்பிக்கை இல்லாமையால் இளையவரையே மறையுரை ஆற்றச் சொன்னாராம். ஆனால் நோயாளிகளும் முதியோரும் படுக்கையிலிருந்தபடியே வழிபாட்டைக் கேட்க முடிந்தது. அதன்பின் ஞாயிறு வழிபாடு நிலையத்தின் நிலையான நிகழ்ச்சி ஆயிற்று.

அதே ஆண்டில் குத்துச்சண்டை வந்தது. உழவர்களுக்காகச் சந்தை நிலவரம் வந்தது. ஆகஸ்ட் 5ஆம் நாள் ஃபோர்ப்ஸ் மைதானத்திலிருந்து பேஸ்பால் ஆட்டம் நேர்முகமாக வந்தது. வருணித்தவர் ஹாரல்ட் ஆர்லின். பகலில் வெஸ்டிங்ஹவுஸ் பொறியாளரான அவர், ஆர்வத்தால் அறிவிப்பாளர் ஆனவர். உள்ளூர் அணியாகிய பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 8க்கு 5 என்று வென்றது.

இசைதான் பெருந்தொல்லை கொடுத்தது. தொழிற்சாலையின் வாத்தியக் குழுவை மண்டபத்தில் வாசிக்கச் சொன்னால் ஒலி சுவரில் மோதி எதிரொலித்துக் குழம்பியது. சரி, மொட்டைமாடியில் வாசியுங்கள் என்றார்கள். எதிரொலி போயிற்று, மழை வந்தது. கூடாரம் அடித்தார்கள். கூடாரத்தினுள் இசை மிக இனிமையாக ஒலித்தது. ஆயினும் அருகிலிருந்த இருப்புப் பாதையில் இரவு வண்டி ஊதுவதும் நிகழ்ச்சியோடு சேர்ந்தே ஒலிபரப்பாகும்! விளக்கைத் தேடி வரும் பூச்சிகள் வேறு. பாட வாயைத் திறந்த பாடகர் ஒருவர் வாயில் பூச்சி புகுந்துவிட, அதன்பின் வானலையில் வந்த சொற்கள் பாட்டைச் சேர்ந்தவை அல்ல என்பார்கள். பின்னர்க் காற்றடித்துக் கூடாரம் விழுந்தது. அதை அப்படியே கட்டடத்தினுள் கொண்டுபோய் அடித்தார்கள். அப்போதுதான் கூடாரத் துணியே எதிரொலியை உறிஞ்சுகிறது என்பது புலப்பட்டது. அன்றுமுதல் சுவரெங்கும் திரைத்துணி தொங்கவிட்டார்கள். ஒலிப்பதிவு அறைகளின் சுவருக்கு மெத்தென்ற உறை போடுவதற்கு அந்தக் கூடாரமே வழிகாட்டி.

பிட்ஸ்பர்க்கைப் பார்த்து நாடே எழுந்தது. 1922ஆம் ஆண்டின் இறுதிக்குள் அமெரிக்காவில் 500க்கும் மேற்பட்ட நிலையங்கள் தோன்றிவிட்டன. பத்திரிகை அலுவலகங்கள், பண்டகசாலைகள், கல்லூரிகள், ஆலயங்கள், கோழித்தீவனக் கடைகள் என யார் யாரோ நிலையம் வைத்தார்கள். அவற்றுள் பெரும்பாலானவை 360 மீட்டர் என்னும் ஒரே அலைநீளத்தில் பேச வேண்டும் என்பது அன்றைய விதி. ஒரே கூடத்தில் பத்து வகுப்புகள் நடந்தால் எப்படியிருக்கும்? ஊருக்குள் முறை வைத்துப் பேசிக்கொண்டார்கள். சில இடங்களில் சண்டையும் நடந்தது. பகலில் அண்டை ஊர் வரையே செல்லும் மத்திய அலை, இரவில் வானத்து மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் செல்லும். ஆகவே இருட்டினால் குழப்பம் பன்மடங்கு. 1927இல் அரசு ஒரு வானொலி ஆணையத்தை அமைத்தது. அது 1928 நவம்பரில் அலைவரிசைகளை மூவகையாகப் பிரித்தது. நெடுந்தொலைவு கேட்கும் பெரிய நிலையங்களுக்குச் சில. வட்டார நிலையங்களுக்குச் சில. 100 வாட் அளவிலான சிறு உள்ளூர் நிலையங்களுக்குச் சில. ஓர் ஊரின் சாவுச் செய்தியும், பள்ளி விளையாட்டும், காணாமற்போன பசுவும் வானொலியில் இடம்பெற்றது அந்தச் சிறு நிலையங்களால்தான்.

இத்தனை ஆரவாரத்தின்போது கான்ராட் என்ன செய்தார்? பேர் வாங்கும் ஒலிவாங்கியை மற்றவரிடம் விட்டுவிட்டு, எவரும் மதிக்காத சிற்றலைப் பக்கம் திரும்பினார். நெடுந்தொலைவு செல்ல நீண்ட அலையே வேண்டும், அதற்கு வானளாவிய கம்பங்கள் வேண்டும் என்பது அந்நாள் பெரியோர் கொள்கை. சிற்றலைகளோ விளையாட்டுப் பிள்ளைகளுக்குரியவை என்று ஒதுக்கப்பட்டிருந்தன. கான்ராட் அவற்றைச் சோதித்துப் பார்த்தார். குறைந்த ஆற்றலிலேயே அவை கடல் கடந்தன. 1923இல் கே.டி.கே.ஏ. நிகழ்ச்சி சிற்றலை வழியே நெப்ராஸ்கா மாநிலத்து ஹேஸ்டிங்ஸ் நகருக்குச் சென்று, அங்கிருந்து மறு ஒலிபரப்பாயிற்று. 1924இல் அவர் இலண்டன் சென்றிருந்தார். கடல்கடந்த தொடர்புக்காகப் பெருஞ்செலவில் நெட்டலை நிலையங்கள் அமைப்பதைப் பற்றி அங்கே ஆலோசனை நடந்துகொண்டிருந்தது. கான்ராட், அமெரிக்க வானொலிக் கழகத்தின் டேவிட் சார்நாஃப் என்பவரைத் தம் அறைக்கு அழைத்தார். ஒரு சிறு வாங்கிக் கருவியைச் சன்னல் திரையின் உலோகக் கம்பியோடு இணைத்தார். அதுதான் ஏரியல்! பிட்ஸ்பர்க்கிலிருந்து பேசும் குரல் அந்த அறையில் தெளிவாகக் கேட்டது. வானளாவிய கம்பங்களின் கதை அந்தத் திரைக்கம்பியால் மாறிற்று.

கே.டி.கே.ஏ. 1920களில் தொடங்கிய ஒரு பணியை இங்குக் குறிப்பிடாமல் இருக்க என்னால் இயலவில்லை. கனடாவின் வடதுருவப் பகுதியில் மென்மயிர் வாணிகர், காவலர், மறைப்பணியாளர் எனப் பலர் பனிக்காட்டில் வாழ்ந்தனர். அவர்களுக்குக் கப்பல் ஆண்டுக்கு ஒருமுறையே வரும்; கடிதமும் அப்படியே. குளிர்கால இரவுகளில் அவர்கள் வீட்டார் எழுதிய கடிதங்களை நிலையம் பெயர் சொல்லி ஒலிபரப்பியது. தாய்க்கு நலம், தம்பிக்குத் திருமணம், வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்னும் செய்திகளை எல்லாரும் கேட்க ஒருவருக்காகப் படித்தார்கள். கூச்சம் இருந்திருக்கலாம். ஆயினும் அந்தப் பனிக்குடிலில் கேட்டிருந்தவர்க்கு அது எத்தகைய விருந்தாக இருந்திருக்கும்!

ஏழாம் வகுப்போடு நின்ற கான்ராடுக்குப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 1928இல் மதிப்புறு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. மின்பொறியாளர்களின் உயரிய விருதாகிய எடிசன் பதக்கம் 1930இல் அவரை வந்தடைந்தது. ஐம்பது ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் உழைத்து 1940இல் ஓய்வு பெற்றார்.

1941 டிசம்பர் 7ஆம் நாள் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. அமெரிக்கா மீண்டும் போரில் இறங்கியது. 1917இல் நடந்தது போலவே, தனியார் பொழுதுபோக்கு நிலையங்கள் அனைத்தும் வாய்மூட வேண்டும் என்று மறுநாள் ஆணை பிறந்தது. கொட்டகைகளிலும் மாடியறைகளிலும் இருந்த கருவிகள் நாடெங்கும் அணைக்கப்பட்டன. அந்த வாரத்திலேயே ஃபுளோரிடாவின் மயாமி நகரில் பிராங்க் கான்ராட் காலமானார். அவருக்கு வயது 67.

அவர் மறைந்த சில ஆண்டுகளில் தொலைக்காட்சி வந்து, நாடகத்தையும் நகைச்சுவையையும் வானொலியிடமிருந்து பறித்துக்கொண்டது. சிறிய ஏ.எம். நிலையங்கள் பிழைப்பதற்கு வழி தேடின. நெப்ராஸ்காவின் ஓமாஹா நகரில் டாட் ஸ்டார்ஸ் என்னும் இளைஞர் 1950களில், மக்கள் மிகவும் விரும்பும் சில பாடல்களையே நாள் முழுதும் திரும்பத் திரும்பப் போடும் முறையைப் புகுத்தினார். முதல் நாற்பது என்று பெயர் பெற்ற அம்முறை நாடெங்கும் பரவியது. மீண்டும் ஓர் இசைத்தட்டு, ஓர் ஒலிவாங்கி, நேயர் விருப்பம். வில்கின்ஸ்பர்க் மாடியில் இருந்தவையும் அவையே. பின்பு ஒலித்தெளிவு மிக்க பண்பலை வந்து பாட்டையும் கொண்டுபோயிற்று. ஏ.எம். நிலையங்களுக்குச் செய்தியும், விவாதமும், விளையாட்டும், சமய நிகழ்ச்சிகளும் எஞ்சின. 1941 முதல் 1020 கிலோஹெர்ட்ஸில் ஒலித்துவரும் கே.டி.கே.ஏ.யும் செய்திக்கும் பேச்சுக்கும் மாறியது.

கான்ராடின் செங்கல் கொட்டகை அதன்பின் பல கைகள் மாறி, இடிபடும் நிலைக்கு வந்தது. வானொலி அன்பர்கள் சிலர் ஒன்றுகூடி 2001ஆம் ஆண்டில் அதை உடைக்காமல் பிரித்தெடுத்தார்கள். என்றேனும் ஒருநாள் வேறோரிடத்தில் மீண்டும் எழுப்பலாம் என்று அந்தச் செங்கற்களைப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள்.